கையடக்கத் தொலைபேசியில் நம் எழுத்து

இவ்விழா மலருக்குக் கட்டுரையும் வாழ்த்தும் நினைவுக் குறிப்பும் அனுப்பியுதவுமாறு பழைய மாணவர்களை வேண்டியிருந்தோம். வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும், கடல் கடந்து ரொறொன்ரோ, இலண்டன், சிட்னி முதலாய நகரங்களிலிருந்தும் வந்து சேர்ந்தவை பல. அவற்றை அச்சுக்கு ஒழுங்குபடுத்த அமர்ந்த நாம் முதல் நாளிலேயே திகைத்துப்போனோம். தமிழ்ப் பாடத்திலே பரிசில் பெற்றவர்கள், விவாத மேடையிலே எதிரணியைக் கலங்கவைத்தவர்கள், நாவலர் குருபூசையிற் பேசி ஆசிரியர்களின் பாராட்டைப் பெற்றவர்கள் ஆகிய இவர்களிற் செம்பாதியினர் தமிழை ஆங்கில எழுத்திலே எழுதியனுப்பியிருந்தனர். 'பழம்' என்று வாசிப்பதா, 'பலம்' என்று வாசிப்பதா, 'பள்ளம்' என்று வாசிப்பதா என ஒவ்வொரு வரியிலும் நின்று நின்று ஊகிக்க வேண்டியதாயிற்று. வேறு சிலர் பல ஆண்டுகளுக்கு முன் கணினியிற் பாமினி எழுத்துருவிலே தட்டச்சுச் செய்து வைத்திருந்ததை அப்படியே அனுப்பினர். அதனை நம் கைப்பேசியிலே திறந்தபோது 'தமிழ்' என்னும் சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாக நின்றது.

அன்பர்களைக் குறை கூறுவதற்காக இதனை எடுத்துக்கொண்டோமல்லோம். நாமும் பன்னெடுங்காலம் நம் இல்லத்தாருக்கு 'அரிசி வாங்கி வருகிறேன்' என்பதை ஆங்கில எழுத்திலேயே அனுப்பிவந்தோம். இப்பழக்கம் சோம்பலினாற் பிறந்ததன்று. கைப்பேசிகளின் உள்ளே இருந்து அவற்றை ஆளுகின்ற பொறிமுறைகளின் வரலாற்றில் நம் எழுத்துக்கு நெடுங்காலம் இடமில்லாதிருந்தமையினாற் பிறந்தது. அவ்வரலாற்றைச் சிறிது நோக்கினால், இன்று நம் கையிலே உள்ள வசதி எவ்வளவு பிந்தி வந்தது என்பதும், அதனை நாம் எவ்வளவு அலட்சியமாக வைத்திருக்கின்றோம் என்பதும் ஒருங்கே புலப்படும்.

அப்பொறிமுறையைத் தமிழ்நாட்டார் 'இயங்குதளம்' என்பர். நம் நாட்டுப் பாடநூல்கள் 'பணிசெயல் முறைமை' என்னும். பெயர் எதுவாயினும் அதன் தொழில் ஒன்றே. கல்லூரியிலே அதிபரையும் ஆசிரியரையும் மாணவரையும் யாவரும் காண்கின்றனர். ஆனால் எந்த வகுப்புக்கு எந்த அறை, எந்தப் பெட்டியின் திறப்பு யாரிடம், மணி எப்பொழுது அடிக்க வேண்டும் என்பனவற்றையெல்லாம் கவனிப்பது காரியாலயம். கைப்பேசியிலே பேச்சு, படம், கடிதம் முதலியன வகுப்புகளாயின், இயங்குதளம் காரியாலயமாகும். ஓர் எழுத்து திரையிலே தோன்றுவதற்கும் காரியாலயத்தின் அனுமதி வேண்டும் என்பதையே நாம் முதலில் அறியாதிருந்தோம்.

இலங்கையிலே கையடக்கத் தொலைபேசிச் சேவை 1989ஆம் ஆண்டில் செல்ரெல் நிறுவனத்தினால் தொடங்கப்பெற்றது. 1995இல் டயலொக் சேவை எண்முறையில் வந்தது. எனினும் அக்காலத்தில் அக்கருவி வர்த்தகப் பிரமுகர்களின் இடுப்பிலே தொங்கிய ஆபரணம். நம்மவர்க்கு வாய்த்தது காலி வீதியின் இருமருங்கும் 'கொமியூனிகேஷன்' எனப் பலகை தொங்கவிட்டிருந்த கடைகளே. யுத்த காலத்தில் வடக்கிலிருந்து வந்து வெள்ளவத்தையிலே அறையெடுத்துத் தங்கிய தாய்மார், வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் குரலைக் கேட்பதற்காக அக்கடைகளின் வாங்குகளிலே மணிக்கணக்காகக் காத்திருந்ததை இம்மலரை வாசிப்போரிற் பலர் தம் கண்ணாற் கண்டிருப்பர். சிலர் அவ்வாங்கிலே அன்னையின் பக்கத்தில் அமர்ந்தும் இருந்திருப்பர்.

அதே காலத்தில் மேல்நாடுகளிலே வேறொரு கருவி உருவாகிக்கொண்டிருந்தது. 1994இல் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் 'சைமன்' விற்பனைக்கு வந்தது. விரலால் தொடும் திரையும் நாட்குறிப்பும் கொண்ட அதனையே முதல் திறன்பேசி என்பர். 1996இல் பின்லாந்தின் நொக்கியா, புத்தகம்போல் விரியும் ஒரு கருவியை வெளியிட்டது. அதே ஆண்டில் பாம் நிறுவனத்தின் கைக்கணினியும், மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் சிறுகருவிகளுக்கான விண்டோஸ் முறைமையும் வந்தன. 1998இல் இங்கிலாந்தின் சயன் நிறுவனம் உருவாக்கிய முறைமையை அடியாகக் கொண்டு, நொக்கியாவும் எரிக்சனும் பிறவும் கூடிச் 'சிம்பியன்' என்னும் கூட்டு ஸ்தாபனத்தை அமைத்தன. பின்னர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் சிம்பியனின் காலம். 2007ஆம் ஆண்டளவில் உலகில் விற்கப்பட்ட திறன்பேசிகளிற் பாதிக்கும் மேற்பட்டவை அதன் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. கொழும்பிலும் அக்காலத்தில் கைப்பேசி என்றால் நொக்கியா என்பதே பொருள். ஒருவரிடமிருந்த மின்னேற்றியை வீதியிலே எவருக்கும் இரவல் கொடுக்கலாம் என்னும் அளவுக்கு அந்நாமம் பரவியிருந்தது.

இக்காலத்திலேதான் ஆங்கில எழுத்துத் தமிழ் நம்மைப் பற்றிக்கொண்டது. அதற்கு ஒரு கணக்கு உண்டு. குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கில எழுத்தாயின் 160 அடங்கும். தமிழோ சிங்களமோ போன்ற பிற எழுத்துக்களாயின் 70 மாத்திரமே அடங்கும். அந்த 70இலும் 'கி' என்பது ககரம் ஒன்று, விசிறி ஒன்று என இரண்டாக எண்ணப்படும். ஆகவே ஆங்கில எழுத்தில் ஒரு செய்தியில் முடியும் சுகவிசாரிப்பு, தமிழில் இரண்டு மூன்று செய்தியாகி அவ்வளவுக்குப் பணமும் பிடித்தது. அதுவும் அனுப்புபவரின் கருவியும் பெறுபவரின் கருவியும் தமிழை அறிந்திருந்தாலன்றோ! பெரும்பான்மையானவை அறிந்திருக்கவில்லை. சிக்கனம் பயின்ற குடும்பங்களிலே பிறந்த நாம் வேறென்ன செய்வோம்?

இவ்விடத்தில் நன்றியோடு குறிக்கத்தக்க ஒருவர் மலேசியாவின் முத்து நெடுமாறன். கவிஞர் முரசு நெடுமாறனின் புதல்வராகிய இவர், 1980களிலேயே கணினியிலே தமிழைப் புகுத்த முயன்று 'முரசு அஞ்சல்' என்னும் செயலியை ஆக்கியவர். 2005ஆம் ஆண்டு தைப்பொங்கலையொட்டிக் கைப்பேசிகளிலே தமிழிற் குறுஞ்செய்தி எழுதுவதற்குச் 'செல்லினம்' என்னும் செயலி சிங்கப்பூரில் இவரால் வெளியிடப்பட்டது. எழுத்தைக் காட்டும் ஆற்றல் இயங்குதளத்துக்கு இல்லாத காலத்தில், தமிழ் அறிந்த ஒரு சிறு செயலியைத் தனியே உள்ளே வைத்துக் காரியம் சாதித்தது பெரிய காரியமே. பெருநிறுவனங்கள் பாராமுகமாக இருந்தபோது, தமிழ் பேசும் தனியொருவரின் உழைப்பே வாயிலைத் திறந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

2007ஆம் ஆண்டு சனவரி 9ஆந் திகதி ஸ்டீவ் ஜொப்ஸ் ஐபோனை உலகுக்குக் காட்டினார். அதே ஆண்டு நவம்பரில் கூகிள், அண்ட்ரொயிட் என்னும் முறைமையைப் பல நிறுவனங்களின் கூட்டணியோடு அறிவித்தது. 2003இல் ஒரு சிறு நிறுவனமாகத் தொடங்கி 2005இல் கூகிளினால் வாங்கப்பட்டது அது. அண்ட்ரொயிட் பூண்ட முதற் கைப்பேசி 2008இல் விற்பனைக்கு வந்தது. அண்ட்ரொயிட்டின் கருவாக அமைந்தது லினக்ஸ் என்பது. அதனை 1991இல் ஆக்கத் தொடங்கியவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஹெல்சிங்கி நகரத்து மாணவர். பின்லாந்து மாணவர் ஒருவர் இலவசமாக உலகுக்கு அளித்த பொருளே, இருபது ஆண்டுகள் கழித்துப் பின்லாந்தின் பெருமையாகிய நொக்கியாவை வீழ்த்துவதற்குத் துணைசெய்தது. விதியின் விளையாட்டென்று நம் பாட்டனார் சொல்லியிருப்பர். வியாபாரத்தின் விளையாட்டு என்கின்றோம் நாம்.

புதிய திறன்பேசிகள் கொழும்புக் கடைகளுக்கு வந்தபோது யாவரும் ஆவலோடு வாங்கினர். விரலால் தள்ளினால் பக்கம் நகர்ந்தது, படம் விரிந்தது, பாட்டுக் கேட்டது. தமிழ்ப் பத்திரிகையின் இணையப் பக்கத்தைத் திறந்தால் மாத்திரம் வரிசை வரிசையாகச் சிறு பெட்டிகள் நின்றன. எழுத்துருவை எப்படியோ உள்ளே ஏற்றியவர்களுக்கும் முழுப் பயன் கிட்டவில்லை. காரணம் யாதெனின், தமிழ் எழுத்துக்கள் நினைவகத்திலே இருக்கும் வரிசை வேறு. தாளிலே எழுதப்படும் வரிசை வேறு. 'கொ' என்பதை எடுத்துக்கொள்வோம். நினைவகத்தில் ககரம் முதலிலும், ஒகரத்தின் குறி அடுத்தும் நிற்கும். திரையிலோ கொம்பு முன்னும், ககரம் நடுவும், அரவு பின்னுமாகத் தோன்ற வேண்டும். இவ்வாறு பிரித்து இடம் மாற்றி வைப்பது இயங்குதளத்தின் கடமை. அதனை அறியாத முறைமை கொம்பைப் பின்னே வைத்தது. 'கொழும்பு' என்ற நம் நகரின் பெயரே தலைகீழாய் நின்றது. பாலர் வகுப்பிலே நாம் அவ்வாறு எழுதியிருந்தால் ஆசிரியர் காதைத் திருகியிருப்பார். பல்லாயிரம் ரூபாய் விலையுள்ள கருவி எழுதியபோது வாளாவிருந்தோம்.

அக்காலத்தில் இளைஞர்கள் கண்டுபிடித்த ஓர் உபாயம் நினைவுக்கு வருகின்றது. நோர்வே நாட்டு ஒப்பெரா நிறுவனத்தின் சிறு உலாவியிலே மறைவான ஓர் அமைப்புப் பக்கம் இருந்தது. அதிலே ஒரு தெரிவை மாற்றினால், எழுத்தை எழுத்தாக அனுப்பாமல், தூரத்திலுள்ள கணினி அதனைப் படமாக வரைந்து அனுப்பும். படமாதலால் எந்தக் கருவியும் காட்டும். நம் மகனார் நமது கைப்பேசியில் இதனைச் செய்து தந்த அன்று, அதிலே முதன்முறையாகத் தமிழ்ச் செய்தி வாசித்தோம். ஆயினும் உண்மையை எண்ணுமிடத்து மகிழ்ச்சி குறைந்தது. இரண்டாயிரம் ஆண்டு எழுதப்பட்டு வந்த மொழியை, புகைப்படம் எடுத்து உள்ளே கடத்த வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் உலகப் பொதுக் குறிமுறையாகிய ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. மேசைக் கணினிகளிலே விண்டோஸ் 2000 பதிப்பு தமிழைச் செவ்வையாகக் காட்டியது. 2003 முதல் யாழ்ப்பாணத்தவராகிய மயூரநாதன் அவர்கள் தமிழ் விக்கிப்பீடியாவை அக்குறிமுறையிலேயே கட்டியெழுப்பத் தொடங்கினார். 2005இல் ஈழத்து நூல்களைப் பாதுகாக்க 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் தொடங்கியது. 2008இல் இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் தமிழ்க் குறிமுறைக்கான 1326ஆம் இலக்கத் தரத்தை வெளியிட்டது. ஆகவே எழுத்து இல்லாமலில்லை, இலக்கம் இல்லாமலில்லை, எழுதுவோரும் இல்லாமலில்லை. கைப்பேசியின் காரியாலயம் மாத்திரம் கதவைச் சாத்தியிருந்தது.

கதவு திறந்த காலத்தையும் குறித்துவைப்போம். அண்ட்ரொயிட்டின் நான்காம் பதிப்புகள் வழங்கிய 2011, 2012ஆம் ஆண்டுகளை ஒட்டியே அதிலே தமிழ் எழுத்து ஒழுங்காகத் தோன்றலாயிற்று. அப்பிள் நிறுவனம் 2013இல் தன் ஏழாம் பதிப்பில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தது. 2014இன் இறுதியில் வந்த அண்ட்ரொயிட் ஐந்தாம் பதிப்பில், கருவியின் பட்டியல்களையும் கட்டளைகளையுமே தமிழில் அமைத்துக்கொள்ள வழி பிறந்தது. அப்பதிப்பிலே புதிதாகச் சேர்க்கப்பட்ட பதினைந்து மொழிகளுக்குள் சிங்களமும் தமிழும் ஒன்றாகவே இருந்தன. இந்நாட்டிலே மொழியின் பெயரால் நடந்தவற்றையெல்லாம் நினைக்கும்போது, நம் இரு மொழிகளும் ஒரே நாளில், ஒரே வாயிலால், அடுத்தடுத்து உள்ளே நுழைந்தன என்பது நமக்கு ஒருவகை ஆறுதலைத் தருகின்றது. அவ்வாயிலுக்கு வெளியே காத்திருந்த காலத்தில் சிங்களமும் நம்மோடுதான் நின்றது.

யார் திறந்தார்கள், ஏன் திறந்தார்கள் என்று வினவுதல் நன்று. மொழிமீது கொண்ட காதலினால் எந்த நிறுவனமும் திறக்கவில்லை. இந்தியாவிலே கோடிக்கணக்கானோர் கைப்பேசி வாங்கத் தொடங்கினர்; அவரவர் மொழியிலே காட்டினாலன்றி மேலும் விற்க இயலாது என்ற நிலை வந்தது. தமிழ்நாட்டுச் சந்தையின் பெருமையும் மலேசியா, சிங்கப்பூர் அன்பர்களின் உழைப்பும் இல்லையாயின், இரண்டு கோடி மக்களே வாழும் இச்சிறு தீவின் தமிழுக்காக எவரும் கதவைத் தட்டியிருக்கமாட்டார். இதனை ஒப்புக்கொள்வதிலே நமக்கு வெட்கமில்லை. பிறர் தேடித் தந்ததைப் பெட்டியிலே பூட்டிவைத்து விட்டுப் பழைய வறுமைக் கோலத்திலேயே திரிகின்றோமே, அதுதான் வெட்கத்துக்குரியது.

இனி, இயங்குதளங்களின் மரணத்தைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். நிலையாமையைப் பற்றி நமக்கு எவரும் புதிதாகப் போதிக்க வேண்டியதில்லை. ஆயினும் இவற்றின் ஆயுள் நாம் எண்ணியதிலும் குறுகியது. பாம் நிறுவனத்தை எச்.பி. 2010இல் வாங்கி அடுத்த ஆண்டே கைவிட்டது. 2011 பெப்ரவரியில் நொக்கியா தன் சிம்பியனை ஒதுக்கி மைக்ரோசொப்டின் முறைமையைத் தழுவியது. 2014இல் தன் கைப்பேசித் தொழிலையே மைக்ரோசொப்டிடம் ஒப்படைத்தது. அந்த விண்டோஸ் கைப்பேசிகளும் 2020 தொடக்கத்தோடு ஆதரவிழந்தன. ஒருகாலத்தில் வர்த்தகர்களும் அதிகாரிகளும் விரும்பி ஏந்திய பிளாக்பெரியின் பழைய முறைமைக்கான சேவைகள் 2022 சனவரி 4ஆந் திகதி நிறுத்தப்பட்டன. இன்று அண்ட்ரொயிட்டும் அப்பிளுமே உலகைப் பங்கிட்டுள்ளன. பத்துக் கருவிகளில் ஏறத்தாழ ஏழு அண்ட்ரொயிட்டின் வசம். 2019இல் அமெரிக்க அரசின் வர்த்தகத் தடையினால் ஹுவாவே நிறுவனத்தின் புதிய கைப்பேசிகள் கூகிளின் சேவைகளை இழந்தபோது, அந்நிறுவனம் ஹார்மனி என்னும் தன் சொந்த முறைமையை அறிவித்தது. வொஷிங்டனில் ஒருவர் கையொப்பமிட, ஜம்பட்டா வீதியில் வாங்கப்படும் கைப்பேசியிலே தேசப்படம் காணாமற்போவது இக்காலத்து அற்புதங்களுள் ஒன்று.

நம் வகுப்புத் தோழர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் காலமானார். அவர் அனுப்பிய கடைசிச் செய்திகள் நம்மிடமிருந்த சிம்பியன் கைப்பேசியில் உள்ளன. அதன் மின்கலம் வீங்கிவிட்டது. வெள்ளவத்தையிலே திருத்துநர் ஒருவரிடம் கொண்டுசென்றோம். அவ்விளைஞர் பொறுமையோடு வேறொரு மின்கலத்தை இணைத்து உயிர்ப்பித்தார். திரை ஒளிர்ந்தது. செய்திகளை வேறு கருவிக்கு மாற்ற முயன்றார். அதற்கு வேண்டிய செயலியை இன்றைய கணினி ஏற்கவில்லை. "ஐயா, படம் எடுத்துக் கொள்ளுங்கோ" என்றார். ஒரு கைப்பேசியின் திரையை இன்னொரு கைப்பேசியாற் படம்பிடித்தோம். பதினொரு செய்திகள். எல்லாம் ஆங்கில எழுத்துத் தமிழ். அவற்றுள் ஒன்றிலே அவர் எழுதியது 'வலி' என்பதா, 'வழி' என்பதா என்று நமக்கு இன்றுவரை தெளியவில்லை. அவரிடம் கேட்கவும் இயலாது.

முறைமைகள் வரும், போகும். ஆனால் ஒருங்குறியிலே ககரத்துக்குக் கொடுக்கப்பட்ட இலக்கம் 1991இலிருந்து மாறவில்லை. எந்நிறுவனம் எழுந்தாலும் வீழ்ந்தாலும் அதனை மாற்றுவதில்லை என்பது அக்குறிமுறையின் விதி. அவ்விலக்கத்திலே எழுதப்பட்ட தமிழ் சிம்பியனிலிருந்து அண்ட்ரொயிட்டுக்கும், அதிலிருந்து இனிப் பிறக்கவுள்ள எதற்கும் தடையின்றிப் பெயரும். பாமினியிலே பூட்டப்பட்டது பெயராது. ஆங்கில எழுத்திலே மறைக்கப்பட்டது பெயர்ந்தாலும் பொருள் தருமோ, அறியோம். ஆகவே கைப்பேசியிலே தமிழைத் தமிழெழுத்தில் எழுதுதல் வெறும் மொழிப்பற்றின் அடையாளமன்று. நம் பேரப்பிள்ளைகள் வாசிக்கக்கூடிய கடிதத்தை எழுதுகின்றோமா, வாசிக்க இயலாத கடிதத்தை எழுதுகின்றோமா என்னும் பிரச்சினையாகும்.

இதற்கு மறுப்புக் கூறுவோரும் உளர். "இனித் தட்டச்சு எதற்கு? பேசினாற் போதுமே" என்பர். உண்மை. 2017 முதல் கூகிளின் குரல்வழி எழுதும் முறை தமிழையும் சிங்களத்தையும் ஏற்கின்றது. கண் மங்கிய முதியோருக்கு அது பெருவரமாகும். ஆனால் ஓடும் பஸ்வண்டியிலோ, வைத்தியசாலைக் கட்டிலருகிலோ, தேர்வு மண்டபத்துக்கு வெளியிலோ உரக்கப் பேச இயலுமா? மேலும் நம் யாழ்ப்பாணப் பேச்சையும் மட்டக்களப்புப் பேச்சையும் கொட்டாஞ்சேனைப் பேச்சையும் அக்கருவி கேட்டு எழுதுவதை ஒருமுறை பரீட்சித்துப் பாருங்கள். மாலைப்பொழுது நகைச்சுவையாகக் கழியும்.

வேறு சிலர், ஆங்கில எழுத்திலே 'அம்மா' என்று தட்ட அதுவே தமிழாக மாறிவிடும் விசைப்பலகையே போதும் என்பர். ஒன்றும் இல்லாததற்கு அது மேலானதே. இம்மலரின் பக்கங்கள் சிலவும் அவ்வாறு எழுதப்பட்டவை. எனினும் லகர ளகர ழகர வேறுபாட்டையும், நகர னகர ணகர வேறுபாட்டையும் மாணவன் தானே தீர்மானியாமல், கருவி காட்டும் மூன்று சொற்களில் ஒன்றைத் தொட்டுவிடுகிறான். பத்து வருடம் இவ்வாறு தொட்டவன் பரீட்சைத் தாளிலே பேனாவை ஊன்றும்போது மூன்று சொற்களைக் காட்ட அங்கே எவருமில்லை. தமிழ்99 என்னும் விசைப்பலகையோ, நம் நாட்டுத் தரம் ஏற்ற, பழைய தட்டச்சுப்பொறியைத் தழுவிய ரெங்கநாதன் விசைப்பலகையோ, யாதாயினும் ஒன்றை இளமையிலே பழகுதல் வேண்டும். எது சிறந்தது என்று பட்டிமன்றம் நடத்தி ஓர் ஆண்டைக் கழிப்பதிலும், ஏதேனும் ஒன்றைப் பழகி ஒரு மாதத்தில் முடிப்பது நன்று.

செலவைப் பற்றியும் சொல்லாது விடின் நேர்மையாகாது. 2022இல் ரூபாயின் மதிப்பு வீழ்ந்தபின் புதிய கைப்பேசி வாங்குதல் பல குடும்பங்களுக்கு எட்டாக்கனியாயிற்று. பழையதைத் திருத்தித் திருத்தியே பாவிக்கின்றனர். அதற்கோ காலக்கெடு உண்டு. வட்ஸ்அப் சேவை விண்டோஸ் கைப்பேசிகளை 2019 முடிவோடும், அண்ட்ரொயிட்டின் 4.4ஆம் பதிப்பை 2025 தொடக்கத்தோடும் கைவிட்டது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையின் முகத்தை அதன்வழியே மாத்திரம் காணும் ஒரு மூதாட்டிக்கு, இயங்குதளத்தின் வரலாறு என்பது ஒருநாட் காலையில் பிள்ளையின் முகம் தோன்றாமற் போவதேயாம். முன்னாளிலே வாங்கிற் காத்திருந்த அதே தாய்மாரே இவர்கள். நம் பழைய மாணவர் சங்கம் ஆண்டுதோறும் புலமைப்பரிசிலும் கொப்பிகளும் வழங்குவது போற்றற்குரியது. வெளிநாட்டு அன்பர்கள் தாம் மாற்றிய, இன்னும் சில ஆண்டுகள் ஆதரவுள்ள கைப்பேசிகளைச் சங்கத்துக்கு அனுப்பினால், துடைத்துத் தமிழ் விசைப்பலகையை நிறுவி, வேண்டுவோர்க்கு அளிக்கலாம் என்பது நம் கருத்து. ஆனால் ஆதரவு முடிந்த கருவிகளைத் தானமாக அனுப்ப வேண்டாமென்று பணிவோடு கேட்டுக்கொள்கின்றோம். பழுதான பாலைக் கோயிலுக்குக் கொடுத்ததாக முடியும்.

கல்லூரியை நோக்கியும் ஒரு விண்ணப்பம். தகவல் தொழினுட்பப் பாடத்திலே பணிசெயல் முறைமையின் வரைவிலக்கணத்தை மாணவர்கள் ஒப்புவிக்கின்றனர்; கேட்கவும் இன்பமாக இருக்கின்றது. அவர்கள் கையிலுள்ள முறைமையின் அமைப்புப் பகுதியைத் திறந்து 'தமிழ் (இலங்கை)' என்பதைத் தெரிவுசெய்தவர் எத்தனை பேர் என்று நாம் அண்மையில் ஒரு வகுப்பிலே வினவினோம். இருவர் கை உயர்த்தினர். அவர்களில் ஒருவர், அம்மம்மாவின் கைப்பேசியில் மாத்திரமே அவ்வாறு செய்ததாகக் கூறினார். அங்கே காணப்படும் தமிழ்ச் சொற்கள் நம் காதுக்குச் சற்று அந்நியமாக ஒலிக்கும் என்பது மெய். இன்று அந்நியமாக ஒலிப்பதை நாம் பாவித்து, பிழையெனக் கண்டால் எழுதியறிவித்து, நம்முடையதாக்க வேண்டும். பாவியாதவர் சொல்லும் குறையை எந்நிறுவனமும் செவிமடுப்பதில்லை. தமிழ்த் தினப் போட்டிகளிலே கவிதையும் கட்டுரையும் நாடகமும் இருப்பதுபோலக் கல்லூரியிலே கைப்பேசியில் தமிழ் எழுதும் போட்டி ஒன்றும் இருக்கட்டும். பிழையின்மைக்கு முதலிடம், வேகத்துக்கு இரண்டாமிடம். நடுவராக இருக்க நாம் ஆயத்தம்.

இக்கட்டுரை அச்சுக்குப் போகும் தருவாயில் ரொறொன்ரோ அன்பர் ஒருவரிடமிருந்து செய்தி வந்தது. ஆங்கில எழுத்திலே அவர் முன்னர் அனுப்பிய நினைவுக் குறிப்பில் மூன்று இடங்கள் விளங்கவில்லை என்று எழுதியிருந்தோம். தம் பதின்மூன்று வயது மகளைப் பக்கத்தில் இருத்தி, விசைப்பலகையை நிறுவி, இருவருமாக முழுவதையும் மீண்டும் தமிழில் அடித்து அனுப்பியுள்ளார். நான்கு நாட்கள் பிடித்தனவாம். விளங்காதிருந்த மூன்றில் ஒன்று, விளையாட்டுப் போட்டியன்று மழை பெய்து மைதானம் 'பள்ளமாக' நின்றதைப் பற்றியது; நாம் அதனைப் 'பழமாக' வாசித்துப் பொருள் காணமுடியாது தவித்திருந்தோம். அக்குறிப்பு இம்மலரில் இடம்பெறுகின்றது. கடைசிப் பந்தியில் ஒரு றகரம் ரகரமாக நிற்கின்றது. அது மகள் அடித்த பந்தி என்று அன்பர் அறிவித்தமையால் திருத்தாமல் விட்டிருக்கின்றோம்.